மாடிக் கூண்டும் மழை ஈரமும்: புறா வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்கள்

தை பிறந்ததும் புறா பற்றி வரும் கடிதங்கள் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கூண்டுகளின் விளைவு அதற்கு அடுத்த மாதங்களில்தான் தெரியவரும். கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் அப்பா காலத்திலிருந்தே புறா இருக்கிறது. அவர் முதுநகர் துறைமுகத்தில் வேலை முடித்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போவார். இப்போது அந்தக் கூண்டு என் பொறுப்பில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வழியில் ஈரத்தில்தான் போய் முடிகின்றன. அதனால் அதைப் பல இடங்களில் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். பரீட்சை முடிந்ததும் ஒரு ஜோடி புறா வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடி சின்னது. கூண்டு எப்படிப் போடுவது? எதைப் பார்த்து வாங்குவது?
(மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தம்பி, முதலில் கூண்டு, அப்புறம்தான் புறா. புறாவை வாங்கி வந்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கூண்டு செய்ய ஆள் தேடுகிறவர்கள் நிறைய பேர். நீ அப்படிச் செய்யாதே. பரீட்சை முடிய நாள் இருக்கிறது, நிதானமாகச் செய்யலாம்.

ஒரு ஜோடி அடைகாக்க இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள பெட்டி போதும். ஆனால் அது அடைக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான். இறக்கையை விரித்து அடிக்கவும், குளிக்கவும், வெயில் காயவும் அதன் முன்னால் நாலடிக்கு நாலடியாவது வலை போட்ட இடம் வேண்டும். கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கட்டும். கால்களுக்கு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் சவுக்குக் கம்பே நன்றாக உழைக்கும். பட்டையை உரித்து, அடியில் தார் பூசிவிடு.

நம் கரையில் பெருமழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஆகவே வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடைத்துவிடு. உள்ளே தேங்கும் சூடு வெளியேற மேலே நாலு விரல் இடைவெளி மட்டும் விடு. தெற்குப் பக்கம் திறப்பாக, வலையோடு இருக்கட்டும். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் வரும் கடற்காற்று அந்த வழியாக உள்ளே வரும். கூரைக்குத் தகரம் போட்டால் அதன்மேல் தென்னங்கீற்று போட வேண்டும். இல்லாவிட்டால் மே மாதத்தில் அடைகாக்கும் புறா வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வலை அரை அங்குலக் கட்டமாக, கனத்த கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய கோழிவலையை எலி கடித்துவிடும். மீதியை உப்புக் காற்று தின்றுவிடும். தரையில் காய்ந்த ஆற்று மணல் பரப்பலாம். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது தனியாகத் தின்னத் தொடங்கிய ஐந்து, ஆறு வாரக் குஞ்சாகக் கேள். வளர்ந்த புறா, அதிலும் தூரத்திலிருந்து வீடு திரும்பும் ஹோமர் இனம், பழைய வீட்டை மறக்காது. திறந்துவிட்ட அன்றே போய்விடும். கையில் எடுத்துப் பார். கண் தெளிவாக, மூக்கின் மேலுள்ள சதை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தக் கூடாது. வாலுக்கு அடியில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. அலகைத் திறந்து தொண்டையைப் பார்க்கச் சங்கடப்படாதே. உள்ளே தயிர்க்கட்டி போல மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது தொண்டைப்புண் நோய். விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் சுற்றிலும் உள்ள கூரைகளும் மரங்களும் வானமும் அதன் கண்ணில் படவேண்டும். தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி விசில் அடி, அல்லது டப்பாவைக் குலுக்கு. பிறகு ஒரு நாள் மாலை, தீனிக்கு முன்னால், பசியோடு கதவைத் திறந்துவிடு. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்தால் தூரம் போகாது. விசில் கேட்டதும் இறங்கும்.

கேள்வி: என் மாமனார் ஆசையாக எட்டுப் புறா வளர்க்கிறார். ரேஷன் அரிசியும் மிஞ்சிய சோறும்தான் போடுகிறார். "கோயில் புறா எல்லாம் அரிசி தின்றுதானே வாழுது" என்கிறார். குஞ்சுகள் கால் வளைந்து போகின்றன. முட்டை ஓடும் மெலிதாக இருக்கிறது.
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: சகோதரி, மாமனாரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். கோயில் கோபுரத்துப் புறா அரிசியை மட்டும் தின்பதில்லை. அது வயலுக்கும் களத்துக்கும் பறந்து போய்த் தனக்கு வேண்டிய பயறு, புல்விதை, சிறுகல், சுண்ணாம்புத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருகிறது. கூண்டுப் புறாவுக்கு நாம் போடுவதுதான் உலகம்.

ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிராம் தானியம் போதும். அதில் பாதிக்கு மேல் கம்பு, சோளம், கோதுமை, உடைத்த மக்காச்சோளம். மூன்றில் ஒரு பங்கு பச்சைப்பயறு, கொள்ளு, பட்டாணி. மீதி கொஞ்சம் சூரியகாந்தி விதையோ வேர்க்கடலையோ. அரிசியும் சேர்க்கலாம், ஆனால் அது ஒரு பங்குதான். குஞ்சு வளர்க்கும் ஜோடிக்குப் பயறைக் கூட்டுங்கள். காலையும் மாலையும் போட்டு, இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சோறு வேண்டவே வேண்டாம். ஈரச் சோறு கூண்டுத் தரையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மிக்சர், காராசேவு போன்ற உப்புப் பண்டங்களும் கூடாது.

நீங்கள் சொல்லும் வளைந்த காலுக்கும் மெல்லிய ஓட்டுக்கும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் வெயில் படாததும் காரணம். இதற்கு நம் ஊரில் கடையே வேண்டாம். தேவனாம்பட்டினம் கரையில் கிளிஞ்சல் கிடக்கிறது, கணவாய் ஓடும் ஒதுங்குகிறது. இரண்டையும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்து, மிளகளவு நொறுக்குங்கள். செங்கல் தூளும் கொஞ்சம் அடுப்புக்கரியும் சேர்த்து ஒரு சட்டியில் எப்போதும் வைத்திருங்கள். புறாவுக்குப் பல் இல்லை. முழுத் தானியத்தை அதன் அரைவைப்பையில் அரைப்பது இந்தச் சிறுகற்கள்தான். எங்கள் அப்பா கேப்பர் மலைச் செம்மண்ணை உருண்டையாகப் பிடித்து, வெயிலில் காயவைத்து உள்ளே வைப்பார். புறாக்கள் தீனியை விட்டுவிட்டு அதைக் கொத்தும். நான் இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறேன்.

குஞ்சின் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து போனால் அது வேறு பிரச்சினை. வழுக்கும் பலகையில் கால் பிடிமானம் இல்லாமல் அப்படி ஆகும். அடைச் சட்டிக்குள் ஈர்க்குச்சி, வேப்பங்குச்சி, காய்ந்த சவுக்கு இலை போடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் பார்த்துவிட்டால், மெல்லிய துணிநாடாவால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் தளர்வாகக் கட்டிச் சரிசெய்யலாம்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் நல்ல மக்காச்சோளம் விளைகிறது, மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த சோளமும் கடலையும் ஈரலைக் கெடுக்கும் விஷம். கழுவிக் காயவைத்தாலும் அந்த விஷம் போகாது. முகர்ந்து பார்த்து மக்கிய வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஜோடி நான்கு முட்டை இட்டு மாறி மாறி அடைகாத்தது. மூன்று வாரம் தாண்டியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிட்டது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை ஐயா. ஒரு புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். சட்டியில் நான்கு இருந்தால் உங்கள் ஜோடியில் இரண்டுமே பெண். பெண்ணும் பெண்ணும் சேர்ந்தாலும் ஜோடி போலவே பழகும், கூடு கட்டும், அடைகாக்கும். உண்மையான ஜோடியில் முதல் முட்டை மாலையில் விழும், இரண்டாவது ஒரு நாள் விட்டு அடுத்த நாள் பிற்பகலில். பகலில் பெரும்பகுதி ஆண் உட்காரும், மாலையிலிருந்து மறுநாள் காலை வரை பெண். 17, 18 நாளில் பொரிக்கும். ஆறாவது நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கரு பிடித்ததில் சிவப்பு நரம்பு ஓடும். வெறுமையாக இருந்தால் கூமுட்டை. ஓர் ஆண் புறாவைக் கொண்டுவந்து சேருங்கள். தொண்டையை உப்பிக் குனுகிக்கொண்டு வட்டமடிப்பது பெரும்பாலும் ஆணாக இருக்கும்.

கேள்வி: பூனை தாய்ப்புறாவையும் தகப்பனையும் கொன்றுவிட்டது. பத்து நாள் குஞ்சு ஒன்று மிச்சம். பசும்பால் கொடுத்தேன், கழிகிறது. எப்படிக் காப்பாற்றுவது?
(வாசகி, பரங்கிப்பேட்டை)

பதில்: பாலை உடனே நிறுத்துங்கள் அம்மா. பறவைகளால் பாலைச் செரிக்க முடியாது. புறாப்பால் என்று சொல்வது பசும்பால் போன்றதில்லை. தாய், தகப்பன் இரண்டின் தீனிப்பைச் சுவரிலிருந்தும் உரிந்து வரும் புரதமும் கொழுப்பும் நிறைந்த பொருள் அது. முதல் சில நாள் குஞ்சுக்கு அது மட்டும்தான் உணவு. உங்கள் குஞ்சு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதனால் நம்பிக்கை இருக்கிறது.

பச்சைப்பட்டாணியை ஊறவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, கைச்சூட்டுக்கு ஆறவிடுங்கள். குஞ்சை மடியில் துணியில் சுற்றி வைத்து, அலகை மெதுவாகத் திறந்து, நாக்குக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வையுங்கள். தானாக விழுங்கும். கழுத்துக்குக் கீழே தீனிப்பை மெத்தென்று நிறைந்ததும் நிறுத்துங்கள். பை காலியான பிறகே அடுத்த வேளை. பகலில் மூன்று, நான்கு தடவை போதும். குளிர்ந்த உணவு பையில் புளிக்கும், கொதிக்கும் உணவு பையைச் சுட்டுவிடும், இரண்டிலும் குஞ்சு போய்விடும். பெட்டியில் ஒரு பக்கம் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் வையுங்கள். தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் அமிழ்த்துங்கள், உறிஞ்சிக் குடிக்கும். மூன்றாவது வாரம் முடியும்போது முன்னால் தானியத்தைத் தூவி நீங்கள் விரலால் கொத்திக் காட்டுங்கள். கழிச்சல் இரண்டு நாளில் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: என் சாம்பல் நிறப் பெண் புறா ஒரு வாரமாகக் கழுத்தைத் திருகி வானத்தைப் பார்க்கிறது. தானியத்தைக் கொத்தினால் குறி தவறுகிறது. எச்சம் தண்ணீராகப் போகிறது. நண்பர்கள் "பிழைக்காது, கழுத்தைத் திருகிப் போட்டுவிடு, மற்றதாவது தப்பிக்கும்" என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.
(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: மனசு வராதது நல்லது. தயவுசெய்து கொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் புறாக்களைத் தாக்கும் பாராமிக்சோ வைரஸுக்கு அப்படியே பொருந்துகின்றன. கோழிக்கு வரும் ராணிக்கெட் நோயின் நெருங்கிய உறவு இது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவாலும் கழுத்துத் திருகும். அதில் பெரும்பாலும் இறக்கை மூட்டோ கால் மூட்டோ வீங்கியிருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்களுக்குக் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். காலையில் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அன்றைய எச்சத்தையும் ஒரு சின்னக் கவரில் எடுத்துக்கொண்டு போங்கள்.

வைரஸ் என்றால் அதைக் கொல்லும் மருந்து கிடையாது. மருந்துக்கடையில் யாரோ சொல்லும் ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. வைட்டமின் சொட்டு உடம்பைத் தாங்கும், அவ்வளவுதான். உண்மையில் இந்தப் புறாக்களில் நிறைய சாவது நோயால் அல்ல, பட்டினியால். கொத்தத் தெரியாமல் தீனிக்குப் பக்கத்திலேயே மெலிந்து போகும். அதனால் உங்கள் வேலை ஒன்றுதான்: உள்ளே தீனி போக வேண்டும். ஆழமான கிண்ணம் நிறையத் தானியம் வையுங்கள், குறி தவறினாலும் அலகு எங்கேயாவது தானியத்தில்தான் விழும். அதுவும் முடியாவிட்டால் ஊறவைத்த பட்டாணியைக் கையால் ஊட்டுங்கள், காலையும் மாலையும் தீனிப்பை மெத்தென்று நிறையும் வரை. தண்ணீர் ஓர் அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். அமைதியான, மங்கலான இடத்தில் தனியாக வையுங்கள். பயந்தால் திருகல் அதிகமாகும்.

எங்கள் வீட்டில் 'செம்பருத்தி' என்ற சிவப்புப் பெண் புறா இப்படி விழுந்தது. கழுத்து முழுக்கத் தலைகீழாகத் திரும்பி, தலையின் உச்சி தரையில் பட உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கூடையில் வைத்து நானும் என் மகளும் முறை வைத்து ஊட்டினோம். பொதுவாக 6 முதல் 12 வாரத்தில் தெளியும். செம்பருத்தியும் அந்தக் கணக்கில்தான் தெளிந்தாள். யாராவது சத்தம் போட்டால் இன்றும் தலை லேசாகச் சாயும். அதற்குப் பிறகு குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டாள். நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்றப் புறாக்களைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நோய்ப் புறாவைக் கடைசியாகக் கவனியுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், மனிதக் கண்ணிலும் இந்த வைரஸ் சிவப்பு உண்டாக்கும். தெளிந்த பிறகும் சில வாரம் எச்சத்தில் வைரஸ் போகும் என்பதால் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். நோய் வராத புறாக்களுக்குத் தடுப்பு மருந்து போடலாம். கோழிகளுக்குப் போடும் லசோட்டா சொட்டு மருந்தையே நம் பக்கம் பெரும்பாலும் புறாவுக்கும் விடுகிறார்கள். அளவையும் நேரத்தையும் மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: குஞ்சின் அலகிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து பொருக்காகிவிட்டது. உரித்து எடுக்கலாமா?
(வாசகர், பாகூர்)

பதில்: உரிக்கவே கூடாது. அது புறா அம்மை. மழைக்குப் பின் கொசுக்கள் பரப்புவது. மூன்று, நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிரும், ஒரு முறை வந்தால் மறுபடி பெரும்பாலும் வராது. கண் மூடிப்போயிருந்தால் கையால் ஊட்டுங்கள். வாய்க்குள்ளும் வந்திருந்தால் மருத்துவர். மாலை ஐந்து மணிக்கே கூண்டுக்குக் கொசுவலை போடுங்கள், பக்கத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மாடியில் இருபது புறா. பக்கத்து வீட்டார் "புறா எச்சத்தால் நுரையீரல் போய்விடும்" என்று சண்டைக்கு வருகிறார்கள். என் அம்மாவுக்கு வேறு ஆஸ்துமா. இது வெறும் வதந்திதானே?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வதந்தி இல்லை ஐயா. புறாவை நேசிக்கிறேன் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். புறாவின் எச்சத் தூளிலும் இறகிலிருந்து உதிரும் வெள்ளை மாவிலும் உள்ள புரதம் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். எல்லாருக்கும் வராது. ஆனால் வருகிறவர்களுக்குக் கூண்டைச் சுத்தம் செய்து நாலைந்து மணி நேரம் கழித்து வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் வரும், சளி பிடித்தது போல இருந்துவிட்டுப் போய்விடும். அப்படியே வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும், அந்தத் தழும்பு மாறாது. இந்த அறிகுறி இருக்கும் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் "வீட்டில் புறா இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளி மருந்து எழுதிக்கொண்டே இருப்பார். பழைய காய்ந்த எச்சத்தில் வளரும் பூஞ்சையும் உண்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து.

உங்கள் வீட்டுக்கு என் பதில் இதுதான். அம்மா மாடிக்கே வர வேண்டாம். இருபதை ஆறு, ஏழாகக் குறையுங்கள். நல்ல கைகளுக்குக் கொடுங்கள். புது முட்டைகளை எடுத்துவிட்டு மரத்தாலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய் முட்டையை வையுங்கள், அவை அடைகாத்து அலுத்து எழுந்துவிடும். எண்ணிக்கை கூடாது. கூண்டு பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே இருந்தால் எதிர் மூலைக்கு மாற்றுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்துத் தூசியை அமர்த்தி, சுரண்டி எடுத்து, பிறகு வெயிலில் தரையை நன்றாகக் காயவிடுங்கள். எப்போதும் என்95 முகக்கவசம். அந்த உடையோடு வீட்டுக்குள் வரக்கூடாது. வாரம் இரண்டு நாள் புறாக்களுக்குக் குளிக்கத் தண்ணீர் வைத்தால் அந்த வெள்ளை மாவு தண்ணீரில் படலமாக மிதக்கும், அவ்வளவும் காற்றில் கலக்காமல் போகும். இத்தனையும் செய்தும் அம்மாவின் இருமல் குறையாவிட்டால் புறாக்களை முழுவதும் கொடுத்துவிட வேண்டும். கஷ்டமான பதில்தான். ஆனால் இதில் அம்மாதான் முதலில்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய் என்னென்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

கேள்வி: என் ஹோமரை புதுச்சேரியில் விட்டால் கடலூர் வருமா? நண்பர்கள் பணம் வைத்துப் பந்தயம் விடலாம் என்கிறார்கள்.
(இளைஞர், மஞ்சக்குப்பம்)

பதில்: பழகிய ஹோமர் வரும். நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், நல்ல புறா அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். சூரியனின் இருப்பு, பூமியின் காந்தப்புலம், காற்றின் வாசனை எல்லாவற்றையும் சேர்த்துத் திசை பிடிக்கும், கிட்டே வந்ததும் ஆறு, சாலை, கூரை பார்த்து இறங்கும். ஒடிசா போலீசார் 1946-இல் ராணுவத்திடமிருந்து புறாக்களை வாங்கிச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். 1999 சூப்பர் புயலில் மற்றத் தொடர்புகள் அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன. 

ஆனால் முதல் நாளே புதுச்சேரிக்குக் கொண்டு போகாதீர்கள். முதலில் கெடிலத்துக்கு அந்தப் பக்கம், அப்புறம் பெண்ணையாற்றுப் பாலம், அதற்கப்புறம் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் என்று படிப்படியாக. காலையில், வானம் தெளிவாக, பசியோடு. மூடுபனி நாளிலும் கீழ்க்காற்று பலமாக அடிக்கும் நாளிலும் விட வேண்டாம். குளிர்காலத்தில் வலசை வரும் வல்லூறுகள் கரையோரம் சுற்றும், அப்போதும் எச்சரிக்கை தேவை. மாஞ்சா நூல் பறக்கும் நாளில் கூண்டைத் திறக்கவே வேண்டாம்.

பணம் வைக்கும் பந்தயத்துக்கு நான் எதிரி. காசு வந்துவிட்டால் தோற்ற புறாவை மறுநாள் யாரும் கவனிப்பதில்லை. சித்திரை வெயிலில் மணிக்கணக்காகத் தண்ணீரில்லாமல் பறக்கவிட்டு, இறங்க வந்ததைக் கம்பு சுழற்றி விரட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைப் புறா வளர்ப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: கல்யாணத்தில் வெள்ளைப் புறா பறக்கவிட ஆசை. எங்கே வாங்கலாம்?
(வாசகி, பண்ருட்டி)

பதில்: வேண்டாம் அம்மா. விற்கப்படும் வெள்ளைப் புறாக்களில் பெரும்பாலானவை லக்கா போன்ற கூண்டு இனங்கள். அவற்றுக்குத் தூரம் பறக்கத் தெரியாது, இரை தேடத் தெரியாது, வெள்ளை நிறம் பருந்துக்குப் பளிச்சென்று தெரியும். மண்டப வாசலில் பறந்தது மறுநாள் வரை உயிரோடு இருப்பதே அரிது.

கேள்வி: கடற்கரை ஓரம் வீடு. புயல் எச்சரிக்கை வந்தால் புறாக்களை என்ன செய்வது? திறந்துவிட்டால் தானே தப்பித்துக்கொள்ளாதா?
(மீனவக் குடும்பத்து வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: திறந்துவிடாதீர்கள் அண்ணே. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் நம் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரி மரங்களே வேரோடு சாய்ந்தன. முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள பறவை அந்தக் காற்றில் என்ன செய்யும்? 

எச்சரிக்கை கேட்டவுடன், காற்று எழுவதற்கு முன்பே, பகலிலேயே பிடித்து உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஜோடிக்கு ஒரு அட்டைப்பெட்டி, பக்கங்களில் ஓட்டை, அடியில் பழைய செய்தித்தாள். மீன்கூடை இருந்தால் கழுவி, உப்பும் வாடையும் போகக் காயவைத்து, மேலே துணி கட்டி அதையே வைக்கலாம். கொஞ்சம் தானியம் மட்டும் போடுங்கள். தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்தால் கவிழ்ந்து ஈரமாகும், ஆகவே காலையும் மாலையும் வெளியே எடுத்துக் காட்டிக் குடிக்கவிடுங்கள். இருட்டில் அவை சத்தமில்லாமல் உட்காரும். அடையில் இருக்கும் ஜோடியைச் சட்டியோடு அப்படியே தூக்கி வாருங்கள், சில அடையை விட்டுவிடும், சில தொடரும். வெள்ளம் வரும் இடமென்றால் பெட்டிகளைப் பரணில் வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அது ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி இங்கே பல தெருக்களில் புகுந்தது. புயல் போய்விட்டது என்று இரண்டாம் நாளே கூண்டைக் கீழே இறக்கியவர்கள் அதில் இழந்தார்கள்.

காற்று நின்றதும் கூண்டைக் காயவையுங்கள். மணலை முழுக்க மாற்றுங்கள், நனைந்த பலகைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் வரை வெளியே பறக்கவிடாதீர்கள். மரமும் கூரையும் போன பிறகு அவை அடையாளம் வைத்திருந்த இடம் இருக்காது. உள்ளேயிருந்து புதிய காட்சியைப் பார்த்துப் பழகட்டும்.

கேள்வி: அரசு வேலையில் மாற்றல். காட்டுமன்னார்கோவில் போகிறோம். நான்கு வயது ஜோடியை அங்கே கொண்டு போனால் பழகுமா?
(வாசகர், திருப்பாப்புலியூர்)

பதில்: கொண்டு போங்கள், ஆனால் அந்தப் புறாக்களை இனி எப்போதும் வெளியே பறக்கவிட முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் திருப்பாப்புலியூர் பழைய மாடிக்கே திரும்பி வந்து உட்காரும். அங்கே யாரும் தீனி போட மாட்டார்கள். பெரிய வலைக்கூண்டாகக் கட்டிக் கொடுங்கள், ஆறடி நீளமாவது. அங்கே பொரிக்கும் குஞ்சுகளுக்கு அதுவே சொந்த வீடு, அவற்றைத் தாராளமாகப் பறக்கவிடலாம். பழைய மாடிக்குக் குடிவருபவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைத்துவிட்டுப் போங்கள்.